கல்யாணத்துக்கு வந்துருவாரு

உட்காரச் சொல்லிவிட்டுப் போன பெண் போனவள்தான். தேநீர் வரவில்லை. தாணம்மாளுக்குத் தேநீர்மேல் அப்படி ஒன்றும் ஆசையில்லை, காலையிலேயே வீட்டில் இரண்டு டம்ளர் காப்பி உள்ளே போயிருந்தது, ஆனாலும் அந்த வராத தேநீர் அறைக்குள் இன்னொரு ஆளாக உட்கார்ந்திருந்தது. "போன தடவ உக்காந்த ஒடனே வந்துச்சுங்க மேடம், பிஸ்கட்டோட," என்றார் சிவப்பிரகாசம், சுவருக்குக் கேட்டுவிடும் என்று பயந்தவராகக் குரலைத் தாழ்த்தி. சிவப்பிரகாசம் இந்தியத் தூதரகத்தின் முதல் செயலாளர். கோயமுத்தூர்க்காரர். வெளியுறவுப் பணியிலேயே தலை நரைத்தவர். ஒரு நாட்டுக்காரர்கள் கதவை எத்தனை தூரம் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தே அவர்கள் மனசைச் சொல்லிவிடுவார். தாணம்மாள் அவருக்கு மேலே, தூதர். இந்தத் தீவு நாட்டுக்கு இந்தியா அனுப்பிவைத்த தூதர். தீவின் பெயர் எதற்கு, சொன்னால் நாளைக்கே யாராவது விளக்கம் கேட்டு வந்து நிற்பார்கள். அந்த நாட்டு வெளியுறவு அமைச்சகத்தின் மாடியில், பிரம்பு நாற்காலியில், பட்டுப்புடவை முதுகில் ஒட்ட, அமைச்சர் எப்போது கூப்பிடுவார் என்று உட்கார்ந்திருந்தாள். வரச் சொன்ன நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. காக்க வைக்கிறார்கள். வைக்கட்டுமே! இந்த வித்தையை யாரிடம் காட்டுகிறார்கள்? நாகர்கோவிலில் மாவட்டச் செயலாளர் அண்ணாச்சி வீட்டு வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலிகூட இல்லாமல் நின்று நின்றே கால் நரம்பு சுருண்டவள் அவள். அங்கேயும் காப்பிதான் கணக்கு. உள்ளேயிருந்து யாருக்குக் காப்பி வருகிறதோ அவருக்குக் கட்சியில் இன்னும் உயிர் இருக்கிறது. வராதவர் வீட்டுக்குப் போய் வேறு தொழில் பார்க்கலாம். அண்ணாச்சியின் சம்சாரம் டம்ளரோடு வாசலுக்கு வரும்போது மரத்தடியில் நிற்கிற அத்தனை வெள்ளை வேட்டிகளும் வேறெங்கோ பார்க்கிற மாதிரி நிற்பார்கள். கண் மட்டும் டம்ளரில் இருக்கும். அப்புறம் இவளே எம்.எல்.ஏ. ஆகி, இவள் வீட்டு வாசலில் ஜனம் நின்றது. இவளும் காக்க வைத்தாள், வேண்டுமென்றே இல்லை, ஆனால் வேண்டுமென்றே இல்லை என்று காத்திருக்கிறவனுக்கு எப்படித் தெரியும்.

சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். நேற்று டெல்லியிலிருந்து பேசிய அதிகாரி அதை இங்கிலீஷில் சொல்லி, இவளைத் திருப்பிச் சொல்லவும் வைத்தார், வாய்ப்பாடு ஒப்பிக்க வைக்கிற மாதிரி. தனிப்பட்ட பேச்சில் நான் ஆறுதலாகச் சொன்ன ஏதோ ஒன்றை அந்தப் பெண் தவறாகப் புரிந்துகொண்டு, திரித்துப் பரப்பிவிட்டார். அவ்வளவுதான். மூச்சு விடாமல் சொல்லிவிடலாம். இவள் மனசுக்குள் தமிழில் ஒரு தரம், இங்கிலீஷில் ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு தரமும் 'அந்தப் பெண்' வருகிற இடத்தில் நாக்கு ஒரு கல்லில் இடறி நின்றது. அந்தப் பெண்ணுக்கு ஒரு பெயர் இருக்கிறதே. அமலோற்பவம். குமரிக் கடற்கரையில் இனயத்துக்கும் அந்தப் பக்கம், கடல் வீட்டுச் சுவரை நக்குகிற ஊர். புருஷன் சூசைமிக்கேல் ஆழ்கடல் படகு ஓட்டுகிறவர். சுறாவைத் துரத்திக்கொண்டு வந்தார்களோ, எஞ்சின் கோளாறில் ஒதுங்கினார்களோ, இந்தத் தீவின் கடல் எல்லைக்குள் வந்துவிட்டார்கள். பிடித்து உள்ளே போட்டு மாதக்கணக்காகிறது, அவரையும் படகில் இருந்த மற்றவர்களையும். மூத்த மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. இதையெல்லாம் அமைச்சரிடம் சொல்லித்தான் போன தடவை பேசினாள். அப்போது தேநீர் வந்தது, பிஸ்கட் வந்தது, அமைச்சர் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு சொன்னார்: எங்கள் தேசிய தினத்தன்று ஜனாதிபதி மன்னிப்பு கொடுத்து அனுப்பிவிடுவோம், ஆனால் நாங்கள் அறிவிக்கும் வரை ஒருவரிடமும் மூச்சு விடக்கூடாது. சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள். சத்தியமாக யாரிடமும் சொல்லக்கூடாது என்றுதான் வந்தாள். அன்றைக்குச் சாயங்காலமே அமலோற்பவம் கூப்பிட்டாள். அழுதாள். ஐயோ, என்ன அழுகை! வார்த்தையே இல்லாத அழுகை. தாணம்மாளின் வாய் அதுவாகவே திறந்து சொல்லிவிட்டது: "அழாத மக்கா, எல்லாம் பேசி முடிச்சாச்சு. கல்யாணத்துக்கு வந்துருவாரு."

முடிச்சாச்சு. அந்தச் சொல்லைத் தூக்கி எங்கே போடுவது? அந்தச் சொல்லில்தானே இவள் வளர்ந்தாள். முதல் தடவை கவுன்சிலராக நின்றபோது, சாக்கடை அடைத்த தெருவில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்று, "முடிச்சிரலாம்" என்றாள். யாரும் சொல்லித் தரவில்லை. எதிரே நிற்கிற பெண்ணின் முகம் சொல்ல வைத்தது. சொன்ன பிறகு ராத்திரி பகல் அலைந்து, நகராட்சி என்ஜினியர் காலைச் சுற்றி, ஒரு வழியாக முடித்தும் வைத்தாள். பட்டா, முதியோர் பென்ஷன், பள்ளிக்கூடத்து அட்மிஷன், ஆஸ்பத்திரியில் படுக்கை, எது கேட்டாலும் முதலில் அந்த ஒரு சொல், அப்புறம்தான் மற்றதெல்லாம். சில காரியம் நடக்கும், சில காரியம் நடக்காது. நடக்காதவர்களும் கோபப்பட மாட்டார்கள். சொன்னாளே, வாய் நிறையச் சொன்னாளே என்று அதுவே கொஞ்ச நாளைக்குத் தாங்கும். அதிலேயே எம்.எல்.ஏ. ஆனாள், எம்.பி. ஆனாள், டெல்லிக் குளிரில் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பாராளுமன்றத்தில் கடற்கரைச் சாலைக்காகக் கத்தினாள். அப்புறம் தோற்றாள். தோற்றவளை ஊரில் வைத்திருந்தால் மாவட்டத்துக்குத் தலைவலி என்று, கூட்டணி புண்ணியத்தில், தூதராக்கிக் கப்பல் ஏற்றிவிட்டார்கள். ஏரோப்ளேன்தான், ஆனால் ஊரில் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். இங்கே வந்த முதல் வாரமே சிவப்பிரகாசம் பாடம் எடுத்தார். "மேடம், இங்க ஆமான்னும் சொல்லக்கூடாது, இல்லைன்னும் சொல்லக்கூடாதுங்க. கவனத்தில் எடுத்துக்கொள்கிறோம், அப்படின்னு சொல்லோணும்." இவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாக்கடை அடைத்திருக்கிறது என்று வந்து நிற்கிறவளிடம் கவனத்தில் எடுத்துக்கொள்கிறேன் என்று நாகர்கோவிலில் சொல்லிப் பாருங்க சார், விளக்குமாறு பறந்து வரும் என்றாள். அவரும் சிரித்தார், ஆனால் அவர் சிரிப்பில் ஒரு கவலை இருந்தது. நியமனப் பத்திரம் கொடுக்கிற அன்று அந்தக் கவலை உண்மையாயிற்று. கோட்டு சூட்டு, வாத்தியக் கோஷ்டி, செங்கம்பளம், எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பத்திரத்தை நீட்டியவள், கை பழக்கம், தோள் பையிலிருந்து ஒரு பொன்னாடையை உருவி ஜனாதிபதியின் தோளில் போர்த்திவிட்டாள். போர்த்தி, காமிராவைத் திரும்பி வேறு பார்த்தாள்! மெய்க்காப்பாளர்கள் ஓடி வந்ததும், சிவப்பிரகாசம் கண்ணை மூடிக்கொண்டதும், ஜனாதிபதி அந்த ஜரிகையைத் தடவிப் பார்த்து, எத்தனை பேருக்கு இப்படிப் போர்த்தியிருக்கிறீர்கள் என்று கேட்டதும் ஒன்றாக நடந்தன. கணக்கே இல்லை என்று இவள் உள்ளதைச் சொன்னாள். மனுஷர் சிரித்துவிட்டார். அன்றைக்குத் தப்பித்தது. எல்லா நாளும் பொன்னாடை நாளாக இருக்குமா.

ஜன்னல் வழியாகத் துறைமுகம் தெரிந்தது. சாம்பல் நிறத்தில் ரோந்துக் கப்பல்கள், நடுவில் ஒதுக்கமாக, சங்கிலி போட்டுக் கட்டின ஒரு நீலப் படகு. உட்கார்ந்த இடத்திலிருந்தே முன்பக்கத்து எழுத்து தெரிந்தது. புனித சந்தியாகு. வெள்ளைப் பெயிண்டில், கொஞ்சம் சாய்வாக, 'கு'வின் வால் நீளமாக இழுத்து. இந்தத் துறைமுகத்தில் அதை வாசிக்கத் தெரிந்த கண்கள் இந்த அறையிலிருக்கிற நாலு கண்கள்தான். அவள் வேண்டாம் வேண்டாம் என்று பார்வையைத் திருப்பினாலும் எழுத்து வந்து வந்து நின்றது. தாய்மொழி இல்லையா, வாசிக்காமல் இருக்க முடியவில்லை. ஜெயிலுக்குப் போய்ப் பார்த்தபோது சூசைமிக்கேல் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேலே மழை விழுதா, தார்ப்பாய் போட்டு மூடினானுவளா என்று படகைத்தான் கேட்டார். போட்டிருக்கிறார்கள் என்றாள். போடவில்லை. அங்கேயும் அந்த வாய். மறுநாள் சிவப்பிரகாசத்தைத் துறைமுக அதிகாரியிடம் விரட்டி, தார்ப்பாய் போட வைத்து, அப்புறம்தான் தூங்கினாள். பார்க்கப் போனால் இவள் வாழ்க்கையே இப்படித்தான், முதலில் சொல்லிவிட வேண்டியது, பின்னாலேயே ஓடி அதை உண்மையாக்க வேண்டியது. இத்தனை காலம் கால் ஓடியது. இந்தத் தடவை வாய் முன்னாலேயே போய்ச் சுவரில் முட்டிக்கொண்டது. அமலோற்பவம் அந்தப் பேச்சைப் பதிவு செய்து ஊர்ப் பெண்களுக்கு அனுப்பினாள். சந்தோஷத்தில் அனுப்பினாள், அதில் என்ன தப்பு, மற்ற வீட்டுக்காரிகளும் தூங்கட்டும் என்று அனுப்பினாள். அது ஊரைச் சுற்றி, டிவிக்குப் போய், கடல் தாண்டி இங்கே வந்து இறங்கியது. இந்த நாட்டு எதிர்க்கட்சிக்காரன் பாராளுமன்றத்தில் இவள் குரலைப் போட்டுக் காட்டி, மொழிபெயர்த்து வாசித்து, நம் ஜெயில் சாவி யார் கையில் இருக்கிறது, நம் ஜனாதிபதி கையிலா இந்தியத் தூதர் இடுப்பிலா என்று கேட்டிருக்கிறான். கேட்பானா மாட்டானா! இவளே எதிர்க்கட்சியில் இருந்திருந்தால் இதைவிடச் சூடாகக் கேட்டிருப்பாள். தேசிய தினம் வந்தது, கொடி ஏறியது, பீரங்கி வெடித்தது, மன்னிப்புப் பட்டியலில் அந்தப் பெயர்கள் மட்டும் இல்லை.

தவறாகப் புரிந்துகொண்டுவிட்டாள். தவறாகப் புரிந்துகொண்டுவிட்டாள். இதை எங்கே கேட்டிருக்கிறோம் என்று நேற்றிலிருந்தே உறுத்திக்கொண்டிருந்தது. இப்போது, ஃபேன் சுற்றுகிறதைப் பார்த்துக்கொண்டிருக்கையில், சுக்குக் காப்பி வாசனையோடு வந்து விழுந்தது. அண்ணாச்சி! நகராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு என்று ஆன வருஷம். மாவட்டச் செயலாளரைக் கட்சியில் யாரும் பெயர் சொல்ல மாட்டார்கள், மாவட்டம் வந்தாச்சா, மாவட்டம் சாப்பிட்டாச்சா என்றுதான் கேட்பார்கள். அந்த மாவட்டமே இவள் வீடு தேடி வந்து, கூடத்தில் உட்கார்ந்து, இவள் கையால் சுக்குக் காப்பி வாங்கிக் குடித்து, "தாணு, நீதான் சேர்மன். தலைமைகிட்ட பேசியாச்சு. ஆளுகளுக்குச் சொல்லிரு" என்றார். இவள் சொன்னாள். வார்டுப் பெண்கள் லட்டு பிடித்தார்கள், ஒருத்தி மாலைக்குக்கூடச் சொல்லிவிட்டாள். மறுநாள் மேடையில் வேறு பெயர். அவருடைய மச்சினர் மகள். ஏன் அண்ணாச்சி என்று கேட்கப் போனவளை வைத்துக்கொண்டே, இவளிடம் பேசாமல், சுற்றி நின்றவர்களிடம் சிரித்துக்கொண்டு சொன்னார்: "நான் எங்க சொன்னேன்? நம்ம பிள்ள ஆசையில தப்பாப் புரிஞ்சுகிட்டு." அவ்வளவுதான் சொன்னார். திட்டவில்லை, அடிக்கவில்லை. அன்றையிலிருந்து கொஞ்ச காலம் மார்க்கெட்டுக்குப் போனால், சேர்மனம்மா வாறா என்று பின்னால் சிரிப்பு கேட்டது. லட்டு பிடித்த பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பதவி போனது பெரிசில்லை, அதற்குப் பிறகு எத்தனையோ பதவி வந்தது போனது. கேட்டதைக் கேட்கவில்லை என்று ஊர் முன்னால் ஆக்கினானே, அதுதான். காது தன்னுடையதில்லாமல் போன மாதிரி இருந்தது. ராத்திரி படுத்துக்கொண்டு, நிஜமாகவே சொன்னாரா, நாம்தான் கனவு கண்டோமா என்று தனக்கே சந்தேகம் வந்து, புருஷன் நீலகண்டனை எழுப்பிக் கேட்டாள். "சொன்னாரு, நானும் கேட்டேன், பேசாம ஒறங்கு" என்றார் அந்த மனுஷன். அந்த ஒரு சாட்சி இருந்ததால் பிழைத்தாள். அமலோற்பவத்துக்கு யார் இருக்கிறார்கள் சாட்சி சொல்ல? சாட்சி சொல்ல வேண்டிய மனுஷன் சங்கிலி போட்ட படகுக்கு எதிரே கம்பிக்குள் இருக்கிறார்.

"மேடம், அந்த வாக்கியத்த மட்டும் சொல்லீட்டுப் பேசாம இருந்துக்கலாங்க," என்றார் சிவப்பிரகாசம். "அவங்க என்ன கேட்டாலும் மறுபடி அதே வாக்கியம். டெல்லிக்கு அது போதும். உங்களுக்கும் சேதாரம் இல்ல." சேதாரம்! நகைக்கடைச் சொல். சேதாரம் இல்லாமல் நகை உண்டா? இவளுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. நல்ல மனுஷன், தன் வேலையைச் செய்கிறார். அந்த வாக்கியத்தைச் சொன்னால் என்ன ஆகும் என்று மறுபடி நினைத்துப் பார்த்தாள், விரலில் முள் குத்தின இடத்தை அமுக்கிப் பார்ப்பதுபோல. இவள் தூதராகவே இருப்பாள். அடுத்த வருஷம் ராஜ்யசபா என்று காதில் ஓதியிருக்கிறார்கள், அதுவும் நிற்கும். இந்த ஊர் அமைச்சர் அதை நம்ப மாட்டார், ஏனென்றால் குரலை நாடே கேட்டிருக்கிறது. நம்பாத ஒன்றை நம்பின மாதிரி பாராளுமன்றத்தில் போய்ச் சொன்னால் அவரைத்தான் கேலி செய்வார்கள், அந்தக் கோபத்தில் அந்த மனுஷர்கள் இன்னும் எத்தனை காலம் உள்ளே கிடப்பார்களோ. அப்படியே ஒருவேளை விட்டாலும், திரித்துவிட்டாள் என்று தூதரே சொன்ன பிறகு, கடற்கரையில் அமலோற்பவம் பொய்க்காரி. இல்லாததைக் கிளப்பிவிட்டு ஆண்களின் விடுதலையைக் கெடுத்தவள். கடற்கரையில் அது சின்னப் பேச்சில்லை. தண்ணீர்க் குழாயடியில் குடம் வைக்க விட மாட்டார்கள். சொல்லாவிட்டால்? நான்தான் சொன்னேன் என்றால்? டெல்லி கூப்பிட்டுக்கொள்ளும். மூட்டை கட்ட வேண்டியதுதான். பேப்பரில் போடுவார்கள், வாய்க்கொழுப்பு என்பார்கள், அண்ணாச்சி இன்னும் உயிரோடுதான் இருக்கிறார், வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சிரிப்பார். பயமாகத்தான் இருந்தது. காலையில் புறப்படும்போது நீலகண்டன் தோட்டத்தில் பாகற்கொடிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே சொன்னார்: "இன்னைக்காவது வாயக் கொஞ்சம் பூட்டி வை." கார்க் கதவு வரைக்கும் போனவளை, "தாணு" என்று கூப்பிட்டார். என்ன என்றாள். ஒண்ணுமில்ல, போயிட்டு வா என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று இப்போதுவரை தெரியவில்லை.

கதவோரம் மரத்தில் செய்த அடுக்கு ஒன்று, புறாக்கூண்டு மாதிரி சின்னச் சின்ன அறைகளாக. அமைச்சரைப் பார்க்க வருகிறவர்கள் போனை அதில் போட்டுவிட வேண்டும். இவள் போன் அங்கே கிடந்து மரத்தைத் தட்டிக்கொண்டு அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. யார் என்று எழுந்து பார்க்க வேண்டியதே இல்லை. முந்தாநாளிலிருந்து கூப்பிடுகிறாள், இவள் எடுக்கவில்லை. எடுத்து என்ன சொல்ல? ஓட்டுக் கேட்ட நாளிலிருந்து ஒரு போனையும் எடுக்காமல் விட்டவளில்லை தாணம்மாள். சாவு வீட்டிலிருந்து பேசியிருக்கிறாள், தலையில் சாயத்தோடு பேசியிருக்கிறாள். இந்தப் போனை மட்டும் கை தொட மாட்டேன் என்கிறது. "எடுக்காதீங்க மேடம்," என்றார் சிவப்பிரகாசம். "மறுபடி ரெக்கார்ட் பண்ணுவாங்க." பண்ணட்டும் என்று சொல்லவில்லை, ஆனால் எழுந்துவிட்டாள். கதவோர மேஜையிலிருந்த வரவேற்புப் பெண் ஏதோ சொல்ல வாயெடுத்து, இவள் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டாள். கூண்டிலிருந்து போனை எடுத்து, படகு தெரிகிற ஜன்னலோரம் போய் நின்றாள்.

"எக்கா, நான் அமலோற்பவம்." இந்தத் தடவை அழுகை இல்லை. பின்னால் கடல் சத்தமும், யாரோ மீன் விலை சொல்கிற சத்தமும். "வச்சிராதிய எக்கா, ரெண்டு வார்த்த. ஞாயித்துக்கெழம கோயில்ல மகளுக்குக் கல்யாண அறிவிப்பு, மொத ஓல வாசிச்சாவ. இன்னாருடைய மகள்னு அவிய பேரச் சொல்லும்போ கோயிலே திரும்பி என்னயப் பாத்துது. எனக்க வாயாலதான் அவிய வெளிய வரலைன்னு எல்லாவளும் சொல்லுதாளுவ. நானும் யோசிச்சுப் பாத்தேன், அது சரிதானே. நான் அனுப்பாம இருந்திருந்தா நீங்க சொன்னது எனக்குள்ளதான இருந்திருக்கும்." இல்ல மக்கா என்று இவள் ஆரம்பித்தாள். அவள் விடவில்லை. "கேளுங்கக்கா. டிவிக்காரன் நாளைக்கி வாறான். நான் ஒண்ணு முடிவு பண்ணிட்டேன். அது நீங்க சொன்னதே இல்ல, பழைய பேச்ச எல்லாம் வெட்டி ஒட்டி நானே உண்டாக்குனதுன்னு சொல்லிருதேன். எனக்கு என்னா, பொய்க்காரின்னு சொல்லுவாளுவ, இப்பயே சொல்லத்தான செய்யுதாளுவ. நீங்க இருக்க ஒசரத்துக்கு ஒண்ணும் வரப்பிடாது. நீங்க அங்க இருந்தாத்தான அவியளுக்கு ஒரு ஆளு. நான் சொல்லிருதேன், அவிய வந்தாப் போதும். என்னக்கா, சொல்லட்டா?"

அடி பாவி மகளே. தாணம்மாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். டெல்லி அதிகாரி கேட்டால் துள்ளிக் குதிப்பார். சிவப்பிரகாசம் உடனே கூட்டமே போட்டுவிடுவார். ஒரு சொல் போதும், சரி மக்கா, அவ்வளவுதான், தூதரும் பிழைப்பாள், ராஜ்யசபாவும் பிழைக்கும். தட்டில் வைத்து நீட்டுகிறாள் அந்தப் பெண். நீட்டுகிற கை எவ்வளவு நேராக இருக்கிறது! மரத்தடியில் அண்ணாச்சியின் சிரிப்பு முகம், லட்டு பிடித்தவர்களின் திரும்பின முகம், நீலகண்டனின் அரைத்தூக்கக் குரல், நானும் கேட்டேன். அன்றைக்குக் கேட்டவர் ஒருவர் இருந்தார். இங்கே சொன்னவளே இருக்கிறாள், அதைவிடப் பெரிய சாட்சி எது? கண்ணில் தண்ணீர் முட்டியது, துடைத்துக்கொள்ளவில்லை, நீலப் படகு கொஞ்சம் கலங்கித் தெரிந்தது. "அமலோற்பவம், நான் சொல்லுதத நல்லாக் கேளு. ரெக்கார்ட் பண்ணணும்னா பண்ணிக்கோ. நீ எதையும் வெட்டவும் இல்ல, ஒட்டவும் இல்ல. நான் சொன்னேன். சொல்லக்கூடாதுன்னு வாக்குக் குடுத்துட்டு வந்து சொன்னேன். தப்பு எனக்குள்ளது. டிவிக்காரன் வந்தா அப்படியே சொல்லு." அப்புறம் மெதுவாக, "அப்ப, அவிய கல்யாணத்துக்கு வருவாவளாக்கா?" என்றாள் அமலோற்பவம். வாய் திறந்தது. பழகின வாய். கவுன்சிலர் காலத்திலிருந்து எண்ணெய் போட்டு வைத்த கதவாகத் தானாகவே திறந்தது. தாணம்மாள் அதைப் பல்லைக் கடித்து மூடினாள். மூடி, இன்னொரு தரம் திறந்து, இத்தனை வருஷ அரசியலில் ஒருத்தரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். "தெரியல மக்கா. எனக்குத் தெரியாது." சொன்னதும் பயமாக இருந்தது, வையப்போகிறாள் என்று. "சரிக்கா," என்றாள் அமலோற்பவம். "இப்ப நீங்க சொன்னத நம்புதேன்."

கதவு திறந்தது. அமைச்சர் கூப்பிடுகிறார் என்றார்கள். தாணம்மாள் போனைக் கூண்டில் வைத்தாள், முந்தானையால் கண்ணைத் துடைத்தாள், உள்ளே போனாள். சிவப்பிரகாசம் நோட்டும் பேனாவுமாகப் பின்னால் வந்தார். அமைச்சரும் பெண்தான், பெரிய உடம்பு, ஒரு காலத்தில் துறைமுகத் தொழிலாளர் சங்கத்தில் ஒலிபெருக்கி இல்லாமல் பேசினவர் என்று சொல்வார்கள். எழுந்திருக்கவில்லை. மேஜைக்கு எதிர்ப்பக்கத்து நாற்காலியைக் கண்ணால் காட்டினார். தாணம்மாள் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும், இடறுகிற கல் எதுவும் இல்லாமல், தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னாள். "அந்தக் குரல் என்னுடையதுதான். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று உங்களிடம் சொல்லிவிட்டு, அன்றைக்கே போய்ச் சொல்லிவிட்டேன். அந்த அம்மா தப்பாக எதையும் புரிந்துகொள்ளவில்லை. விடுவதும் விடாததும் உங்கள் நாட்டின் முடிவு, எனக்கு அதில் எந்த அதிகாரமும் இல்லை. மன்னித்துக்கொள்ளுங்கள். இதையே கீழே நிற்கிற பத்திரிகைக்காரர்களிடமும் சொல்லப்போகிறேன், நீங்கள் பாராளுமன்றத்தில் வாசித்துக்கொள்ளலாம்." பின்னால் சிவப்பிரகாசத்தின் பேனா நின்றுவிட்டது. பாவம், என்னவென்று எழுதுவார். இனி டெல்லிக்குத் தெரிய எவ்வளவு நேரம் ஆகும், மத்தியானச் சாப்பாட்டுக்குள் தெரிந்துவிடும், பாகற்கொடி காய்க்கும் முன்னாலே புறப்பட வேண்டியிருக்குமோ என்று நினைத்தாள். நினைத்தது அமைதியாகத்தான் வந்தது.

அமைச்சர் தேநீர் சொல்லவில்லை. மேஜைமேல் இருந்த கண்ணாடியை எடுத்துத் துடைத்தார், போட்டுக்கொள்ளவில்லை, மறுபடி வைத்தார். கீழே துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதியது. "அந்தப் பதிவை எங்கள் சபையில் போட்டார்கள்," என்றார் கடைசியில். "மொழிபெயர்ப்பை அப்புறம்தான் வாசித்தார்கள். உங்கள் பாஷை எனக்கு ஒரு வார்த்தை தெரியாது. அந்தப் பெண் அழுதது மட்டும் முதல் தடவையே புரிந்தது." சொல்லிவிட்டுப் படகு இருக்கிற பக்கம் திரும்பினார். பிறகு, வேறு எதையோ கேட்கிற குரலில், தாணம்மாளைப் பார்க்காமலே கேட்டார்.

"கல்யாணம் என்றைக்கு?"

அதற்கு எத்தனையோ அர்த்தம் இருக்கலாம், ஓர் அர்த்தமும் இல்லாமலும் இருக்கலாம். கும்பிடலாமா, நன்றி சொல்லலாமா, அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லலாமா, அப்பா வந்து கைபிடித்துக் கொடுக்க வேண்டும் என்று சொல்லலாமா, ஒன்றன்மேல் ஒன்றாக எல்லாம் வாய்க்கு வந்து நின்றன. எல்லாவற்றையும் விழுங்கினாள்.

"இருபத்தொன்பதாம் தேதி," என்றாள். அதோடு நிறுத்திக்கொண்டாள்.